வாக்கர் என்ற பேர் வந்த வழி

அருள்ராஜ் வாக்கர் குவைத்தில் வந்து இறங்கிய அன்று, அவரைக் கூட்டிப் போக வந்த கம்பெனி டிரைவர் 'மிஸ்டர் வாக்கர்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி அவரைத் தாண்டித் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரன் ஒருவன் வருவான் என்பது அவன் நினைப்பு. கறுத்து ஒல்லியாக, தலையில் எண்ணெய் வழிய, எதிரே வந்து நின்று "நான்தான்" என்று சொன்ன பையனை அவன் நம்பவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தான். பார்த்த பிறகு அட்டையை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு, பெட்டியில் கை வைக்காமல் முன்னால் நடந்தான். துரை வந்திருந்தால் பெட்டியைத் தூக்கியிருப்பான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அது. அருள்ராஜுக்கு இருபத்தைந்து வயது. நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு கிராமம், ஐ.டி.ஐ. படிப்பு, எண்ணெய்க் கம்பெனிகளுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் வேலை. பேர் வெள்ளைக்காரப் பேர், சம்பளம் இந்தியச் சம்பளம். வளைகுடாவில் பேரைப் பார்த்து யாரும் சம்பளம் போடுவதில்லை, பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்துத்தான் போடுவார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. வருத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது.

ஃபஹாஹீலில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் கம்பெனி ரூம். ஆறு பேர். ரூமுக்கு மூத்தவர் அனந்தகிருஷ்ணன், நாகர்கோவில்காரர், கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். நல்ல மனுஷன்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. புதிதாக வருகிறவனுக்கு முதல் மாதம் முழுக்கச் சாப்பாடு போடுவார். காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஆனால் அவருக்கு ஒரு வியாதி இருந்தது. நம் ஆட்களிடம் எங்கே பார்த்தாலும் இருக்கிற வியாதிதான். எதிரே உட்கார்ந்திருப்பவன் யார் என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. யார் என்றால், பேரையும் வேலையையும் சொன்னால் போதாது.

"எந்த ஊராக்கும்?" என்று முதல் நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"நாகர்கோவிலுக்கு மேக்க."

"மேக்கன்னா? வில்லுக்குறிக்கு அங்கயா, இஞ்சயா?"

"அங்க."

"சரி. எந்தச் சபை?"

அருள்ராஜ் சபையைச் சொன்னார்.

"ஓகோ. சர்ச்சுக்கு எந்தப் பக்கம் மக்கா வீடு?"

அந்தக் கேள்வியோடு முடிந்துவிடும் என்று அருள்ராஜுக்குத் தெரியும். சர்ச்சுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. அவர் ஊரில் குழந்தைக்குக்கூட அந்தக் கணக்குத் தெரியும். அவர் கண் ஜன்னல் பக்கம் போனது. மற்றவர்களின் தம்ளர்கள் எல்லாம் சமையல் மேடையில் ஒன்றாகக் கவிழ்ந்திருக்க, ஒரு பச்சை பிளாஸ்டிக் தம்ளர் மட்டும் ஜன்னல் விளிம்பில் தனியாக இருந்தது. அது பழனிச்சாமியுடையது. திண்டுக்கல் பக்கத்துக்காரர், பைப் வேலைக்கு வந்தவர். வந்த இரண்டாம் நாளே அனந்தகிருஷ்ணனின் கேள்விகளுக்கு வெள்ளந்தியாகப் பதில் சொல்லிவிட்டவர். யாரும் அவரைத் திட்டவில்லை, விரட்டவில்லை. தம்ளர் மட்டும் ஜன்னலுக்குப் போய்விட்டது. கடல் தாண்டிப் பறந்து வந்து, ஆறு பேரும் ஒரே கக்கூஸ் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள், அரபி கத்தினால் ஆறு பேரும் ஒன்றாக நடுங்குகிறார்கள், இதில் தம்ளர் தனியாம்! மூட்டை முடிச்சில் இடம் இல்லையென்று ஊறுகாயை எடுத்து வெளியே வைத்துவிட்டு, இதை மட்டும் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஒரு வெள்ளக்காரத் துரை" என்று அருள்ராஜ் சொன்னார். "மலையில தோட்டம் வச்சிருந்தவரு. அதுதான் வாக்கர்னு பேரு."

அந்தச் சொற்கள் வாயிலிருந்து வெளியே வரும்வரை அவருக்கே தெரியாது, அப்படிச் சொல்லப் போகிறோம் என்று. அனந்தகிருஷ்ணன் ஒரு கணம் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"ஓ, அப்படியா வழி!" என்றார். "அப்ப சட்டைக்காரக் கூட்டம்னு சொல்லு, ஆங்கிலோ இண்டியன்."

அதோடு கேள்வி நின்றது. வெள்ளைக்காரனுக்கு எந்தச் சர்ச், எந்தப் பக்கம் என்று கேட்க முடியுமா? அருள்ராஜின் தம்ளர் மேடையிலேயே இருந்தது. பழனிச்சாமியின் தம்ளரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

உண்மை என்னவென்றால், அந்தக் குடும்பத்தில் வெள்ளைக்கார ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. வாக்கர் என்ற பேர் மாடத்தி என்ற சின்னப் பெண்ணால் வந்தது. திருவிதாங்கூரில் வயலை விற்றால் அதில் வேலை செய்கிற ஆளையும் சேர்த்து விற்ற காலம். மாடத்தியின் அப்பனும் அம்மையும் ஒரு பெரிய நிலக்காரருக்கு அடிமைகள். மாடத்திக்கு எட்டு வயது இருக்கும்போது, மிஷன் வீட்டு அம்மா ஒருத்தி அவளைப் போர்டிங் பள்ளியில் சேர்த்துக்கொண்டாள். சேர்த்தால் போதுமா, சோறு யார் போடுவது? அதற்கு மிஷனில் ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் இருக்கும் யாராவது ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்வார். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்குத் தன் பேரை வைக்கச் சொல்வார். மாடத்தியின் செலவை ஏற்றவள் எலிசா வாக்கர் என்பவள். ஏதோ ஆலை ஊரில் தொப்பி தைத்துப் பிழைத்த கலியாணமாகாத பெண்பிள்ளை என்று குடும்பத்தில் சொல்வார்கள். அவள் இந்தப் பக்கம் வந்ததும் இல்லை, மாடத்தியின் முகத்தைப் பார்த்ததும் இல்லை. ஞானஸ்நானத்தன்று மாடத்தி, எலிசா வாக்கர் ஆனாள்.

அந்தப் பிள்ளை போர்டிங்கில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டாள். வளர்ந்து, பின்னிச் சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்தில் தன் அம்மையை அடிமைத்தனத்திலிருந்து மீட்டாள். அப்பன் அதற்குள் செத்துப் போயிருந்தான். பழைய நிலக்காரரின் காரியஸ்தன் வழியில் அவளைப் பார்த்தால், "ஏட்டீ மாடத்தி" என்று கூப்பிடுவான். அவள் திரும்ப மாட்டாள். ஒரு தடவை கம்பால் அடித்தும் பார்த்தான், திரும்பவில்லை. கலியாணம் ஆகிப் பிள்ளைகள் பிறந்தபோது புருஷன் பேரை வைக்க வேண்டிய இடத்தில், "எனக்க பேரு இருக்கட்டும்" என்று ஒரே பிடியாக நின்றாளாம். இங்கிலாந்தில் அப்பன் வழியாக இறங்குகிற பேர், எங்கள் பக்கத்தில் ஒரு அம்மை வழியாக இறங்கியது இப்படித்தான். அருள்ராஜின் அப்பா இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு வரும். அப்பா இறந்தபின் ஊரில் அந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை. அருள்ராஜ் ஒரே பிள்ளை.

இப்படிப்பட்ட ஒருத்தியை அவர் அந்த ரூமில், ஒரு தம்ளருக்குப் பயந்து, துரை ஒருவனின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பொய் ஒரு தடவை சொன்னால் தீர்ந்துவிடுகிற சாமான் இல்லை. ஃபஹாஹீலில் சொன்னதை மங்காஃபிலும் சொல்ல வேண்டி வந்தது, சர்ச்சில் சொல்ல வேண்டி வந்தது, ஆபீஸில் சொல்ல வேண்டி வந்தது. ஸ்டெல்லாவைக் கலியாணம் செய்துகொண்டு வந்து மங்காஃபில் வீடு எடுத்தார். ஸ்டெல்லா மார்த்தாண்டத்துக்காரி, அவர் ஆட்களில் ஒருத்தி, கிளினிக்கில் நர்ஸ். அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லை. வெளியே அவர் விடுகிற கதையை அவள் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள்.

மகள் பெனிட்டா நாலாம் வகுப்புப் படிக்கும்போது அந்தக் கதை வீட்டுக்குள்ளேயே வந்தது. "அப்பா, நம்ம பேர் ஏன் வாக்கர்? நாம இங்கிலீஷ்காரங்க இல்லியே, கிளாஸ்ல சிரிக்கிறாங்க" என்று அழுதுகொண்டு வந்தாள். அருள்ராஜ் அவளை மடியில் வைத்துக்கொண்டு, மலைத்தோட்டத்து வாக்கர் துரையைப் பற்றி, குதிரை, பங்களா என்று அளந்துவிட்டார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. ஸ்டெல்லா சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை விளையாடப் போனபிறகு வெளியே வந்தாள்.

"இஞ்ச பாருங்க, நான் ஒண்ணு கேக்கட்டா? துரைக்க வழியில வந்த பிள்ளையளுன்னா, மாடத்தி துரைக்கு யாரு? கெட்டினவளா?"

அவர் பேப்பரை எடுத்து விரித்தார்.

"தோட்டத்துத் துரைமாரு நம்ம பெண்ணுவளைக் கெட்டவா செய்தினும்? நீங்க என்ன சொல்லுதியன்னு ஒங்களுக்கே தெரியல. ஒங்களுக்க மானத்தைக் காப்பாத்த அந்தப் பிள்ளைய வைப்பாக்கிப் போட்டியளே. அம்மையை மீட்டவளாக்கும் அவ."

அருள்ராஜுக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை. துரையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவர், துரையின் பக்கத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம் என்று பார்க்கவில்லை. "பிள்ளை பெரிசாகட்டு, நானே சொல்லுதேன்" என்றார்.

"நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, அப்பா பொய் சொல்லிச்சின்னு ஆயிடும். அவளுக்க கலியாணத்துக்கு முன்ன சொல்லிப் போடணும். வாக்குக் குடுங்க."

கொடுத்தார். அதற்குப் பிறகு ஸ்டெல்லா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சொன்ன சொல்லை அவர் காப்பாற்றுவார் என்று நம்பிவிட்டாள். ஊருக்குப் போகிற லீவெல்லாம் மார்த்தாண்டத்தோடு முடிந்தது. தன் கிராமத்துக்கு மகளை அவர் ஒரு தடவைகூடக் கூட்டிப் போகவில்லை. போனால் சர்ச்சுக்கு எந்தப் பக்கம் வீடு என்று பிள்ளை பார்த்துவிடும்.

கொரோனாவின் முதல் வருஷத்தில் ஸ்டெல்லா போய்விட்டாள். நர்ஸுகள் பலர் போன மாதிரி, வேலைக்குப் போன இடத்தில் வாங்கிக்கொண்டு வந்த காய்ச்சல். குவைத் மண்ணிலேயே அடக்கம். கல்லறையில் அப்பாவும் மகளும் மட்டும் தள்ளித் தள்ளி நின்றார்கள். அன்றைக்கு அருள்ராஜுக்கு இருந்த துக்கத்தில் மாடத்தி நினைவுக்கு வரவில்லை. பின்னால் வந்தாள். இனி அந்தக் கதை தெரிந்தவன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று தோன்றியபோது அவருக்குப் பயமாக இருந்தது.

பெனிட்டா படித்து முடித்து அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானாள். உடன் வேலை பார்த்த ஒரு சென்னைப் பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி, வருகிற மே மாதம் கலியாணம் என்று முடிவாயிற்று. சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அருள்ராஜ் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு இன்னொரு வாக்கர் வந்து சேர்ந்தார். இயன் வாக்கர். நிஜமான வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர், ஒரு வருஷ காண்ட்ராக்டில் தரம் பார்க்கிற மேனேஜர். அவருக்கு வருகிற பார்சல் ஸ்டோருக்கு வரும், ஸ்டோருக்கு வர வேண்டிய திட்டு அவருக்குப் போகும். அப்படித்தான் இரண்டு பேருக்கும் பழக்கம். இயன் அதை வைத்தே சிரிப்பார். "வா கசின், டீ குடிக்கலாம்" என்று தன் கேபினுக்குக் கூப்பிடுவார். தன் வம்சத்தைத் தோண்டிப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

ஒரு நாள் டீ குடிக்கும்போது வாக்கர் என்றால் என்ன என்று அவரே சொன்னார். அந்தக் காலத்தில் கம்பளித் துணி நெய்தால் அது முரடாக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்குமாம். பெரிய தொட்டியில் போட்டுக் காலால் மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். அந்த வேலைக்காரர்களுக்குத்தான் வாக்கர் என்று பேர்.

"தொட்டியில் வெறும் தண்ணீர் என்று நினைத்துவிடாதே, புளித்த மூத்திரம்" என்று இயன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "வீடு வீடாகப் போய் வாங்கி வந்து ஊற்றுவார்கள். அதில் நின்று மிதித்தவர்கள்தான் எங்கள் ஆட்கள். நாறிப்போன கூட்டம்!"

அப்புறம் மிதிக்க இயந்திரம் வந்து வேலை போயிற்றாம். யார்க்ஷயரிலிருந்து ஆலை ஊருக்கு, அங்கிருந்து வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு, தாத்தா கனடாவுக்குப் போய்ப் பனியில் தோற்றுத் திரும்பி வந்தவர், அப்பா ஈரானில் அபாதான் எண்ணெய் ஆலையில் வேலை, இவர் குவைத்தில். சோற்றுக்கு அலைந்த குடும்பம். அருள்ராஜ் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னோர் மூத்திரத்தில் நின்றார்கள் என்பதை ஒரு மனிதன் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சிரித்துச் சொல்ல முடியும் என்று அவருக்குத் தெரியாது. பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

"உன் வாக்கர் எங்கிருந்து வந்தார்?" என்று இயன் கேட்டார்.

அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவனுக்குக் கிடைக்காது. கேட்டவன் சர்ச்சுக்கு எந்தப் பக்கம் என்று கேட்கிறவன் இல்லை. ஆனாலும் முப்பது வருஷப் பழக்கம் நாக்கில் குந்திக்கொண்டிருந்தது. "மலைத்தோட்டத்துத் துரை" என்று அருள்ராஜ் சொன்னார்.

இயன் சும்மா விடுகிற ஆள் இல்லை. ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டரில் தேடி, தன் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவன் திருவிதாங்கூர் மலைக்குக் காப்பி பயிரிடப் போனதாகக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "நாம் நிஜமாகவே உறவு, அருள்!" பொய்க்கு ஒருவன் ஆதாரம் தேடித் தருவான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

இயனுக்கு வேலை முடிந்து ஊர் திரும்பும் வாரம் வந்தது. பெனிட்டாதான் பிடிவாதமாக, "ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிடுங்கப்பா, நம்ம ரிலேட்டிவ் இல்லியா" என்றாள். வெள்ளிக்கிழமை, சர்ச் முடிந்து மத்தியானச் சாப்பாடு. மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் பெனிட்டாவே சமைத்தாள். இயன் வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெனிட்டா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் உங்கள் பெண்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நான் படித்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். சின்னப் பெண்ணாகக்கூட இருந்திருப்பாள். செய்தவன் என் குடும்பத்துக்காரன். அவன் சார்பாக நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

கிழவரின் கண் நிறைந்திருந்தது. தன் ஆட்கள் செய்யாத ஒரு பாவத்துக்கு, நடக்காத ஒரு கொடுமைக்கு, அவர் மனம் உருகி நின்றார். பெனிட்டா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். எல்லாவற்றுக்கும் காரணமானவர் மீன் முள் கிடக்கிற தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இயன் அவர் பக்கம் திரும்பியபோது, "பரவாயில்லை சார், பழைய கதை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மாடத்தியின் பேரில் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டார்.

இயன் போனபிறகு பெனிட்டா பாத்திரம் கழுவினாள். பாதியில் குழாயை மூடிவிட்டு வந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணு பேர் என்னப்பா? துரை பேரே சொல்லிட்டிருக்கோம், அவ பேர் நான் கேட்டதே இல்ல."

"மாடத்தி" என்றார். மகளிடம் அந்த விஷயத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது.

"மாடத்தி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நான் இத்தனை வருஷமா வாக்கர்னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவளை நாசம் பண்ணினவன் பேரு அது. எனக்கு வேண்டாம்ப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி பாஸ்போர்ட் ரினியூ பண்ணணும்ல, அப்பவே எடுத்துடறேன்."

அருள்ராஜ் வாயைத் திறந்தார். பிறகு குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார்.

அடுத்த நாள் இயனிடமாவது உண்மையைச் சொல்லி, அவரை விட்டு மகளிடம் பேச வைக்கலாம் என்று கேபினுக்குப் போனார். மேஜை காலியாக இருந்தது. காலை விமானத்திலேயே போய்விட்டாராம். இனி தானேதான் சொல்ல வேண்டும் என்று ஆனபிறகு, மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் மகளை ஃபஹாஹீல் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். கூட்டம் அதிகம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னார். அடிமை வயல், போர்டிங், தொப்பி தைத்த எலிசா வாக்கர், லேஸ், அம்மையை மீட்டது, காரியஸ்தனின் கம்பு, எல்லாம். அனந்தகிருஷ்ணனின் கேள்விகளையும் பழனிச்சாமியின் தம்ளரையும் சொன்னார். அப்பாவின் குரலில் இருந்த மிடுக்கு தன் குரலில் வரவில்லை என்பது அவருக்கே கேட்டது. திக்கித் திணறி, அழுது, மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்.

பெனிட்டா குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் அவர் தோளில் கை போட்டாள்.

"எனக்காகத்தானேப்பா இதெல்லாம்?"

"எதெல்லாம்?"

"இந்தக் கதை. அன்னிக்கு நான் அழுததைப் பார்த்து உங்களுக்குத் தாங்கல. அதான்."

"இல்ல மக்ளே. இதாக்கும் நெசம். அதுதான் பொய்."

"ஒரு தம்ளருக்காக இருபது வருஷமா என்கிட்ட பொய் சொன்னீங்களா? குவைத்ல, ஒரே ரூம்ல, யாருப்பா அப்படித் தம்ளரைத் தனியா வைப்பாங்க?"

அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதானே அவர் இத்தனை பாடுபட்டார். அதில் மட்டும் முழுதாக ஜெயித்திருந்தார்.

"ஒனக்க அம்மைக்குத் தெரியும்."

"அம்மா என்கிட்ட எதையுமே மறைச்சதில்லப்பா. இதை மட்டும் எப்படிச் சொல்லாம இருந்திருப்பாங்க?" அவள் குரல் உடைந்தது. "அம்மாவை இதுல இழுக்காதீங்க, ப்ளீஸ்."

"ஊர்ல போய்க் கேளு மக்ளே."

"எந்த ஊர்? ஒரு தடவையாவது என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? அங்க இப்ப யார் இருக்கா, யாரைக் கேக்கறது?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவளைப் பெரிய ஆளா மாத்திச் சொல்லித்தான் நான் மதிக்கணும்னு இல்லப்பா. அவ எப்படி இருந்தாலும் எனக்கு ஓகே. அவமேல ஒரு தப்பும் இல்ல."

அன்புதான் அது. அருள்ராஜ் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடத்தி, மகள் மனதில், மன்னிக்கப்பட்ட ஒரு பாவப்பட்ட பெண்ணாக நிலைத்துவிட்டாள். அவளை அங்கே நிறுத்தியவன் வந்து, அவள் அப்படி இல்லை என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. முன்பே சொல்லியிருக்கலாம். ஸ்டெல்லா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் ஒன்றிரண்டு தடவை பேச்சை எடுத்துப் பார்த்தார். "அப்பா" என்று அவள் கெஞ்சலாகப் பார்ப்பாள், அவர் நிறுத்திக்கொள்வார்.

ஏப்ரலில் புதுப் பாஸ்போர்ட் வந்தது. பெனிட்டா பள்ளியிலிருந்து வரும் வழியிலேயே வாங்கிக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் கையில் கொடுத்தாள். "சர்ப்ரைஸ். பிரிச்சுப் பாருங்க."

போட்டோவுக்குப் பக்கத்தில் அவள் பேர் இருந்தது. குடும்பப் பேர் எழுதுகிற இடத்தில் வாக்கர் இல்லை. அருள்ராஜ் என்று இருந்தது.

"அந்த ஆள் பேரை எடுத்துட்டு யார் பேரை வைக்கறதுன்னு யோசிச்சேன்" என்றாள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு. "எனக்குத் தெரிஞ்சதுல நல்ல மனுஷன் நீங்கதான்ப்பா. இனிமே என் பிள்ளைங்களுக்கும் இதுதான்."

மாடத்தி தன் பிள்ளைகளுக்கு விட்டுப் போனது அந்த ஒரு பேர்தான். அதைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் அவளைத் துரைக்கு வைப்பாக்கியவன் பேரை மகள் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தாள். அருள்ராஜ் பாஸ்போர்ட்டை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு மக்ளே" என்றார்.